வெடித்த கட்டையும் ஒட்டுத் துண்டும்: இந்தியாவில் துப்பாக்கி மரப்பாகப் பழுதுநீக்கத்தின் வரலாறு

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து புவனகிரி வழியாகக் கிழக்கே ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்த முகத்துவாரத்தை ஒட்டிய மணல்வெளியில்தான் 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியின் படையும் சர் அயர் கூட் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதின. அதற்குச் சில நாள் முன்பு சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கிய கூட், அங்கிருந்து விரட்டப்பட்டிருந்தார். போர் வியூகம், பீரங்கி வரிசை, இழப்பு எல்லாவற்றையும் பற்றி நூல்கள் பேசுகின்றன. சிப்பாய் தோளில் அணைத்துச் சுட்ட துப்பாக்கியின் மரக்கட்டையைப் பற்றி மட்டும் பேச்சில்லை. இரும்புக் குழல் ஒரு தலைமுறை தாங்கும். மரம் அப்படியல்ல. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஊதும், ஒவ்வொரு கோடையிலும் சுருங்கும், தேயும், பிளக்கும். அதைச் சரிசெய்துகொண்டே இருக்க யாரோ ஒருவர் வேண்டும்.

அந்தச் சரிசெய்தல் இந்தியாவில் கடந்து வந்த பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியத் துப்பாக்கியின் மரப்பாகத்தில் நிகழ்ந்த முக்கியமான மாற்றங்களுக்கும் பழுதுநீக்கும் பட்டறையின் தேவைக்கும் உள்ள உறவு இதுவரை போதிய கவனம் பெறவில்லை. கட்டை எங்கே பிளக்கிறது என்பதைக் கண்டு கைவினைஞர் போட்ட தீர்வின் தர்க்கமே பின்னர் தொழிற்சாலையின் வழக்கமாகவும் ஆனது என்பது என் துணிபு.

ஒரே கட்டையின் காலம்

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனிப் படைகளுக்கெனச் செய்யப்பட்ட மஸ்கட், 'இந்தியா பேட்டர்ன்' எனப்பட்டது. 39 அங்குலக் குழல் கொண்ட இந்தத் துப்பாக்கி செலவு குறைவானது, செய்வதற்கும் எளிது. 1790-களில் பிரெஞ்சுப் போர்களின் நெருக்கடியில் பிரிட்டிஷ் அரசின் படையும் அதையே எடுத்துக்கொண்டது. அதன் கட்டை, தோளில் படும் அடிப்பாகத்திலிருந்து குழலின் முனைக்கு அருகே வரை ஒரே மரம். குழலின் அடியிலிருந்த சிறு காதுகளில் குறுக்கூசிகள் நுழைந்து குழலையும் மரத்தையும் பிணைத்தன.

இந்த அமைப்பின் பலவீனம் அதன் கழுத்தில் இருந்தது. கை பிடிக்க வசதியாக மரத்தை மெலிதாக்கும் இடம் அது. பூட்டும் விசையும் பொருந்தக் குடைந்தெடுப்பதும் அதை ஒட்டித்தான். குதிரையிலிருந்து விழுந்தாலோ நெருங்கிய சண்டையில் ஓங்கி அடித்தாலோ முதலில் முறிவது கழுத்துதான். அது முறிந்தால் கட்டை முழுவதும் வீண். முழுக்கட்டையைப் புதிதாகச் செதுக்கக் குழலுக்கு, பூட்டுக்கு, மருந்து இடிக்கும் குச்சிக்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குடைய வேண்டும். தேர்ந்த கைக்கும் அது பல நாள் வேலை. அதனால்தான் உலகெங்கும் வாய்வழி மருந்திடும் துப்பாக்கிகளின் முறிந்த கழுத்தில் பித்தளைத் தகடும் தோல் கட்டும் இன்றும் காணக் கிடைக்கின்றன.

இரண்டாகப் பிரிந்த கட்டை

1871-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள் இந்த வரலாற்றின் முதல் பெரிய திருப்பம். அதன் இயக்கப் பெட்டி நடுவில் இரும்பாக நின்றது. பின்னால் 'பட்' எனப்படும் அடிக்கட்டை, முன்னால் குழலைத் தாங்கும் முன்கட்டை என மரம் இரண்டானது. அடிக்கட்டையின் உள்ளே நீளவாக்கில் ஓடும் ஒரு போல்ட் அதைப் பெட்டியோடு இறுக்கியது. 1888-இன் லீ-மெட்ஃபோர்டும் 1895-இன் லீ-என்ஃபீல்டும் இதே வழியில் வந்தன. இந்தியாவில் 'த்ரீ நாட் த்ரீ' என்று கான்ஸ்டபிள் முதல் கல்லூரி மாணவர் வரை அறிந்த எஸ்.எம்.எல்.இ. (ஷார்ட் மேகசின் லீ-என்ஃபீல்டு) ரைஃபிளின் மார்க் 3 வடிவம் 1907-இல் உருவானது.

இரண்டு துண்டானதால் கிடைத்த நன்மை பெரிது. அடிக்கட்டை உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆளின் கைநீளத்துக்கு ஏற்பவும் மாற்றலாம். நார்மல் அளவைவிட அரை அங்குலம் கூடியது லாங், அரை அங்குலம் குறைந்தது ஷார்ட், ஒரு அங்குலம் குறைந்தது பேண்டம். அடிக்கட்டையில் குத்திய எழுத்தே அதன் அளவைச் சொல்லும்.

ஆனால் இதே அமைப்பு புதிய பழுதுகளையும் பெற்றெடுத்தது. ஒன்று, அடிக்கட்டை ஆடத் தொடங்குவது. மரம் சுருங்கியதும் இரும்புக் குழிக்குள் அது தளர்ந்துவிடும். அடித்தட்டின் மூடியைத் திறந்து, உள்ளிருக்கும் தோல் அடைப்பை எடுத்துவிட்டு, நீண்ட திருப்புளியால் போல்ட்டை முறுக்கினால் சரியாகிவிடும் என்றே தோன்றும். எஸ்.எம்.எல்.இ.யில் அப்படிச் செய்தால் கேடு. அந்தப் போல்ட்டின் சதுர முனை இரும்புக் குழியைத் தாண்டி, முன்கட்டையின் பின்விளிம்பில் பதித்த ஒரு தகட்டுக்குள் பொருந்தி நிற்கிறது. போல்ட் தானாகக் கழலாமல் தடுப்பதற்கான ஏற்பாடு அது. முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருப்பினால், சதுர முனை தகட்டைத் திருக, முன்கட்டையின் பின்பகுதி பிளந்துபோகும். ஆகவே ஆர்மரர் எனப்படும் படைக்கலப் பழுதுநீக்குநர் எவரும் முதலில் முன்கட்டையைக் கழற்றுவார், பிறகே அடிக்கட்டையைத் தொடுவார். பின்னால் வந்த நம்பர் 4 ரைஃபிளில் இந்தச் சதுரப் பூட்டே கைவிடப்பட்டது.

இரண்டாவது பழுது இன்னும் நுட்பமானது. சுடும்போது பின்னோக்கி வரும் உதையைப் பெட்டியிலிருந்து முன்கட்டைக்குக் கடத்துவது மரத்தில் செதுக்கிய இரு சிறு முகங்கள்தாம். பெட்டியின் இரும்பு அந்த முகங்களில் இறுக அமர்ந்திருக்கும் வரை ரைஃபிள் ஓர் உடலாக இயங்கும். மரம் நைந்து அங்கே மயிரிழை இடைவெளி விழுந்தாலும், ஒவ்வொரு குண்டுக்கும் இரும்பு மரத்தைச் சம்மட்டி போல் அடிக்கும். முதலில் குறி சிதறும். வீரர் தன் கையைக் குறை சொல்வார், பயிற்சியாளரும் அப்படியே சொல்வார். பிறகு முன்கட்டையின் பின்பகுதியில் நார்வாக்கில் ஒரு வெடிப்பு தோன்றும். குற்றம் மரத்திலிருந்தது என்று அப்போதுதான் புலப்படும். முன்கட்டையைப் பிடித்து அசைத்துப் பார்ப்பது, மரத்தில் இரும்பு பளபளப்பாகத் தேய்த்த இடத்தைத் தேடுவது, முன் திருகின் உள்ளே இருக்கும் சிறு உலோக வளையம் தொலைந்துவிட்டதா என்று நோக்குவது ஆகியவையே நோயறியும் வழி. அந்த வளையம் இல்லாவிட்டால் திருகை இறுக்க இறுக்க மரம் நசுங்கிக்கொண்டே போகும். குழல் முனைக்கு அருகே மரத்துக்குள் ஒரு சிறு சுருள்வில்லும் குமிழும் குழலை மேல்நோக்கித் தாங்கி நிற்கின்றன. அவையும் ஒழுங்காக வேலை செய்தால்தான் குறி நிலைக்கும்.

தீர்வு தச்சுவேலையின் சாரம். நைந்த மரத்தை நேர்ச்சதுரமாக வெட்டி எடுத்து, அதே நார்த்திசை கொண்ட உறுதியான மரத்துண்டைப் புறாவால் இணைப்பாகப் பதித்து, பசையிட்டு, ஊசி அடித்து, பிறகு இரும்பில் கரி பூசி அழுத்தி, கரி ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டிச் சுரண்டி அமர வைக்க வேண்டும். ஒட்டுத் துண்டு நல்லபடி அமர்ந்த கட்டை, முதலில் இருந்ததைவிட வலுவாகவும் இருக்கக்கூடும்.

கடலோர மழையும் ஆளிவிதை எண்ணெயும்

பிரிட்டிஷ் ரைஃபிளின் முதன்மை மரம் அக்ரூட். எடைக்கு ஏற்ற வலிமை, உதையைத் தாங்கும் இழுவை, நன்கு பதப்படுத்தினால் அதிகம் திருகிக்கொள்ளாத குணம் ஆகியவை அதைத் தேர்ந்ததற்குக் காரணம். காஷ்மீரிலும் இமயமலைச் சரிவுகளிலும் அது விளைகிறது. ஆயினும் எந்த மரமும் ஈரத்துக்கு ஏற்ப அளவு மாறும். நார்நீளத்தில் அந்த மாற்றம் மிகச் சிறிது. குறுக்குவாக்கில்தான் கணிசம், அதிலும் ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையில் மிக அதிகம்.

கடலூர் மாவட்டம் இதற்கு ஒரு கடுமையான சோதனைக்களம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும், புயலும் வரும். மே மாதத்தில் அக்கினி நட்சத்திர வெயில் தரையைப் பிளக்கும். வெள்ளாற்றங்கரைக் காவல் நிலையத்தில் கொக்கியில் மாட்டிய ஒரு ரைஃபிள் ஓராண்டுக்குள்ளேயே ஊதிச் சுருங்கும் ஒரு முழுச் சுற்றைக் கடக்கிறது. ஊதும்போது திருகின் கீழ் மரம் நசுங்குகிறது, சுருங்கும்போது அந்த நசுங்கிய இடம் இடைவெளியாகிறது. ஒரு குண்டும் சுடாமலேயே துப்பாக்கி தளர்வது இப்படித்தான். இதற்குப் பிரிட்டிஷ் படையின் மருந்து ஆளிவிதை எண்ணெய். மெல்லப் பூசித் தேய்க்கத் தேய்க்க அது மரத்துளைகளில் உறைந்து, ஈரம் புகுவதைத் தாமதப்படுத்தும். இரும்புக்குப் போடும் கனிம எண்ணெய் மரத்தில் வழிந்தால் நிலைமை தலைகீழ். அது உறைவதில்லை. நாரை மென்மையாக்கிக் கருக்க வைக்கும், அப்படிக் கருத்த மரத்தில் பசையும் பிடிக்காது. துப்பாக்கியை நிறுத்தி வைக்கையில் குழலில் ஊற்றிய எண்ணெய் கீழிறங்கி மரத்தின் கழுத்தில் தங்குவது கவனக்குறைவால் நேரும் பெருங்கேடு.

இஷாப்பூரின் திருகு

வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில், பழைய வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை. எஸ்.எம்.எல்.இ.யை உலகிலேயே மிக நீண்டகாலம் உற்பத்தி செய்த இடம் அதுதான். இங்கிலாந்து அந்த வடிவத்தைக் கைவிட்டு நம்பர் 4-க்கு மாறிய பிறகும் இஷாப்பூர் மாறவில்லை. விடுதலைக்குப் பின்னும் அசோகச் சின்னத்தோடு அதே ரைஃபிள் வெளிவந்தது.

இஷாப்பூர் கட்டைகளில் ஒரு தனி அடையாளம் உண்டு. முன்கட்டையின் குறுக்கே, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, ஒரு வலுவூட்டும் திருகு ஓடுகிறது. வெடிப்பு நார்வாக்கில் ஓடும். அதற்குச் செங்குத்தாக ஒரு திருகு நின்றால் வெடிப்பு வாய் திறக்காது. பிளந்த மரத்தை ஊசி அடித்துக் காப்பாற்றும் தச்சரின் தர்க்கமே இது. பழுது வந்தபின் செய்யவேண்டியதை வருமுன்பே செய்துவிடுவது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையும் தனக்கேற்ற ஒரு விடை கண்டது. உள்ளூர்க் கோச்வுட் மரம் அக்ரூட்டைவிட மென்மையானதால், உதையேற்கும் முகங்களில் செம்புத் தகடுகளைப் பதித்தார்கள். மரத்தின் நோய் ஒன்றே, ஊருக்கு ஊர் மருந்து வேறு.

கையெறி குண்டு வீசும் ரைஃபிள்கள் இன்னொரு சான்று. குழல் முனையில் கிண்ணம் பொருத்தி 36-ஆம் எண் மில்ஸ் குண்டைச் செலுத்தும்போது உதை சாதாரணத்தைவிடப் பன்மடங்கு. அதற்கென ஒதுக்கிய ரைஃபிள்களில் முன்கட்டையையும் குழலையும் சேர்த்துக் கம்பியால் நெருக்கமாகச் சுற்றி ஈயப்பற்று வைத்தார்கள். மரம் பிளந்தாலும் சிதறாமல் கம்பி பிடித்துக்கொள்ளும். இந்தியப் படை இம்முறையை வெகுவாகக் கையாண்டது.

1962 சீனப் போரின் அனுபவத்துக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்கென 2ஏ, 2ஏ1 வடிவங்களை இஷாப்பூர் உருவாக்கியபோது பெட்டியின் எஃகு மேம்பட்டது, மேகசின் வடிவம் மாறியது. மரப்பாகத்தின் அடிப்படை அமைப்போ 1907-இல் இருந்ததுதான். அரை நூற்றாண்டு மழையும் வெயிலும் கண்ட அமைப்பு அது. அதன் பலவீனங்கள் அனைத்தும் தெரிந்தவை, அவற்றுக்கான வைத்தியமும் தெரிந்தது. புதியதை நாடாமல் பழகியதை வைத்துக்கொண்டது நியாயமான முடிவு என்றே கருதுகிறேன்.

காவல் நிலையமும் கல்லூரி மைதானமும்

படையிலிருந்து கழிந்த ரைஃபிள்களுக்கு இந்தியாவில் இரண்டாம் வாழ்க்கை உண்டு. காவலர்களுக்காகப் பல எஸ்.எம்.எல்.இ.கள் .410 மஸ்கட்டுகளாக மாற்றப்பட்டன. ஒரு முறைக்கு ஒரே தோட்டா என்பதால் மேகசின் இருந்த இடத்தை ஒரு மரக்கட்டையால் அடைத்தார்கள். 1948-இல் சட்டம் இயற்றி உருவான தேசிய மாணவர் படையிலோ, குழலைத் துளைத்துச் சுட முடியாதபடி செய்த 'டி.பி.' ரைஃபிள்கள் அணிவகுப்புக்குப் பயன்பட்டன.

டி.பி. ரைஃபிளின் கட்டை படும் பாட்டைத் தனியே சொல்ல வேண்டும். அது சுடுவதில்லை. ஆனால் 'பாஜூ ஷஸ்த்ர்' கட்டளைக்கு ஒவ்வொரு முறையும் அடிக்கட்டை தரையில் மோதும். காலைப் பயிற்சியில் நூறு தடவை மோதினால் போல்ட் தளரும், அடித்தட்டின் திருகுகள் மரத்தைத் தின்னும், அடிக்கட்டையின் நுனி பிளவுபடும். இங்கே தேய்மானம் முன்கட்டையிலிருந்து அடிக்கட்டைக்கு இடம்பெயர்கிறது. திருகுத் துளையைத் துளைத்து விரித்து, மர ஆணி அடித்து அடைத்து, மீண்டும் துளையிடுவது இதற்கான எளிய வைத்தியம்.

இந்த வேலையை ஊர்த் தச்சரிடம் கொடுக்க முடியாது என்பதும் வரலாற்றின் ஒரு பகுதி. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கு மட்டுமல்ல, பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. பொதுப் பாதுகாப்புக்கு அது தேவை. அதன் விளைவாக இந்தத் தச்சுக்கலை ஆயுதப்படை ஆர்மரர் பட்டறைகளுக்குள் பெரும்பாலும் அடங்கியது. அங்கே குருவிடமிருந்து சீடனுக்குக் கைவழியாகச் சென்றதால், எழுத்தில் தங்கியது குறைவு.

மரம் விடைபெற்றபோது

1990-களில் வந்த இன்சாஸ் ரைஃபிள் செயற்கைப் பிசினாலான பாகங்களோடு அமைந்தது. அது ஊதாது, சுருங்காது, கறையான் அரிக்காது. 1966-இல் தொடங்கிய திருச்சிராப்பள்ளிப் படைக்கலத் தொழிற்சாலையின் இன்றைய 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' அதே காலத்தின் பிள்ளை. அந்தத் தொழிற்சாலையும் இஷாப்பூரும் 2021 அக்டோபர் 1 முதல் ஒரே அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகின்றன. ஆயினும் 2008 மும்பைத் தாக்குதலின்போது ரயில் நிலையக் காவலர் கையில் இருந்தது .303. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு தின அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தது. பாதுகாப்பு நோக்கில் இந்த மாற்றம் காலம் தாழ்ந்து வந்தது என்பதில் ஐயமில்லை.

விடைபெற்ற கட்டைகளில் ஒரு பகுதி அருங்காட்சியகங்களுக்குச் செல்கிறது. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கம்பெனிக்காலப் படைக்கலங்கள் இருக்கின்றன. எழும்பூரின் பழைய காவல் ஆணையர் அலுவலகக் கட்டடத்தில் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு காவல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. காட்சிக்கு வைக்கும் முன் கட்டையை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்குவதை இத்தகைய நிறுவனங்கள் தவிர்க்க வேண்டும். புறாவால் ஒட்டு, குறுக்கு ஊசி, அளவெழுத்து, கம்பிச் சுற்றின் தடம் ஆகியவைதாம் பெயர் தெரியாத ஆர்மரர்களின் ஆவணம். மாவட்ட ஆயுதப்படைப் பட்டறைகளில் மரவேலை அறிந்த மூத்த ஆர்மரர்கள் ஓய்வுபெறுமுன் அவர்களின் முறைகளைக் கேட்டுப் பதிவுசெய்யும் பணியைத் தமிழகப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகள், குறிப்பாக வெள்ளாற்றுப் பகுதிக்கு அண்மையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம், இப்போதே மேற்கொள்ள வேண்டும்.