ஏதேன் பாம்பு சாத்தானானது எப்போது?

பைபிளில் பாம்பு என்றதும் ஏதேன் தோட்டமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பாம்பு சாத்தான்தான் என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஆனால் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில் சாத்தான் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அங்கே வருவது, கடவுள் படைத்த உயிர்களில் மிகத் தந்திரமான ஒன்று, அவ்வளவுதான். வயிற்றால் ஊர்ந்து மண்ணைத் தின்ன வேண்டும் என்ற தண்டனையும் ஒரு விலங்குக்கு உரியதே. அப்படியானால் அதற்குள் சாத்தான் எப்போது புகுந்தான்?

அண்டை நாட்டுப் பாம்புகள்

இஸ்ரவேலரைச் சுற்றியிருந்த நாடுகளில் பாம்புக்கு இரண்டு முகங்கள் இருந்தன. எகிப்தில் பார்வோனின் முடியில் படமெடுத்து நிற்கும் நாகம் அரசனைக் காப்பது. அதே எகிப்தில் சூரியக் கடவுளோடு இரவுதோறும் போரிடும் எதிரியும் அப்பெப் என்ற பாம்புதான். மெசபடோமியாவின் கில்காமேஷ் காவியத்தில், இளமையைத் திருப்பித் தரும் செடியை நாயகன் குளிக்கும் நேரத்தில் ஒரு பாம்பு திருடிக்கொண்டு, சட்டையை உரித்துப் போட்டுவிட்டு மறைகிறது. மனிதன் பெறவிருந்த பெரும்பேற்றைப் பாம்பு பறித்தது என்ற கதை ஆதியாகமத்துக்கு மட்டும் உரியதல்ல.

கோவிலில் இருந்த பாம்பு

பைபிளிலேயே நன்மை செய்த பாம்பும் உண்டு. வனாந்தரத்தில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்களால் கடிபட்டவர்கள் பிழைக்க, மோசே வெண்கலத்தில் ஒரு சர்ப்பம் செய்து கம்பத்தில் உயர்த்தினார் என்கிறது எண்ணாகமம். பிற்காலத்தில் மக்கள் அதற்குத் தூபம் காட்டி வழிபட்டார்கள். எசேக்கியா அரசர் அதை உடைத்துப் போட்டார். அதன் பெயர் நிகுஸ்தான். இது வெறும் கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1969-ல் இஸ்ரேலின் தெற்கே திம்னா செம்புச் சுரங்கப் பகுதியில் இருந்த பழைய கோவிலில், தலையில் தங்கம் பூசிய செம்புப் பாம்பு ஒன்று கிடைத்தது. மோசேயின் பாம்பு அதுவல்ல. ஆனால் அந்த நிலத்தில் உலோகப் பாம்பு புனிதப் பொருளாக இருந்ததற்கு அது சாட்சி.

சாத்தானின் வருகை

யோபுவின் கதையில் சாத்தான் கடவுளின் சபைக்கு வந்து போகிறவன், மனிதனைக் குற்றஞ்சாட்டுகிறவன். எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்கே எதிராளி என்றுதான் பொருள். அவன் கடவுளின் பகைவனாக வளர்ந்தது பின்னர்தான். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட சாலமோனின் ஞானம் என்ற நூல், பிசாசின் பொறாமையால் சாவு உலகில் நுழைந்தது என்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வெளிப்படுத்தின விசேஷம், பழைய பாம்பும் பிசாசும் சாத்தானும் ஒன்றே என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இரண்டாம் நூற்றாண்டின் ஜஸ்டின் முதலான கிறிஸ்தவ அறிஞர்கள் ஆதியாகமத்தை இந்தக் கண்ணோடுதான் படித்தார்கள்.

ஆனாலும் பழைய முகம் முற்றிலும் அழியவில்லை. யோவான் நற்செய்தியில் இயேசு தாம் உயர்த்தப்படுவதை மோசேயின் சர்ப்பத்தோடு ஒப்பிடுகிறார். மத்தேயுவில் சீடர்களைப் பாம்பைப் போல விவேகமாக இருக்கச் சொல்கிறார்.

இந்த மாற்றத்தில் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. ஆதியாகமத்தில் ஆதாம் ஏவாளைக் காட்டுகிறான், ஏவாள் பாம்பைக் காட்டுகிறாள். கடவுளோ அந்த இருவரையும்தான் விசாரிக்கிறார். பாம்பிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. பாம்பு வெறும் விலங்கு என்றால், கனியைத் தின்ற பொறுப்பு மனிதனுடையது. அதுவே சாத்தான் என்றால், பழியின் பெரும்பங்கு அவனுக்குப் போய்விடுகிறது.