பெத்தேல் இல்லமும் வலிப்பு நோயாளரும்: ஒரு வரலாற்றுப் பாடம்

மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் தகப்பன் ஒருவன் ஆண்டவரிடம் கொண்டுவரும் மகனை நமது பழைய தமிழ்த் திருமறை ‘சந்திரரோகி’ என்றழைக்கிறது. கிரேக்க மூலச்சொல்லின் பொருளும் அதுவே. நிலவின் தாக்கத்தால் வலிப்பு உண்டாகிறதென்று அக்கால மக்கள் எண்ணினர். ஆயினும், அதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஹிப்போகிரேட்டஸ் மரபினரான கிரேக்க மருத்துவர், தெய்வச்செயல் எனப்பட்ட இந்நோய் பிற நோய்களைப்போல் இயற்கையானதே என்றும், அதன் பிறப்பிடம் மூளையே என்றும் எழுதிவைத்திருந்தனர். அந்த மகனின் வரலாற்றில் பிசாசு துரத்தப்படுவது உண்மைதான். எனினும், அதே மத்தேயு 4:24இல் பிசாசு பிடித்தவர்களையும் சந்திரரோகிகளையும் தனித்தனியே குறிப்பிடுவதை நாம் கவனித்தல் வேண்டும்.

இந்நோயாளரைத் திருச்சபை எவ்வாறு நடத்திற்று என்பதற்கு ஜெர்மனியிலுள்ள பெத்தேல் இல்லம் தக்க சான்றாகும். 1867இல் பீலெஃபெல்டு நகரருகே வலிப்பு நோயாளருக்கென இது தொடங்கப்பெற்றது. 1872இல் ஆயர் ஃபிரீட்ரிக் ஃபான் போடெல்ஷ்விங் அதன் தலைமையை ஏற்றார். 1869இல் இரு வாரங்களுக்குள் தம் பிள்ளைகள் நால்வரைக் கக்குவான் இருமலுக்குப் பறிகொடுத்தவர் அவர். பிறர் ஒதுக்கிய நோயாளருக்கு அவர் தங்குமிடம் மட்டுமன்றித் தொழிலும் மதிப்பும் அளித்தார். பெத்தேல் ஒரு சிற்றூராகவே வளர்ந்தது.

ஆனால், வரலாறு அத்துடன் முடியவில்லை. 1933 ஜூலையில் நாசி அரசு, ‘பரம்பரை வலிப்பு நோய்’ உள்ளோருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. அப்போது தலைமையிலிருந்தவர் முன்னவரின் மகன் ஃபிரிட்ஸ். அவர் காலத்தில் பெத்தேலிலேயே அவ்வறுவைகள் நடைபெற்றன. 1940இல் நோயாளரைக் கொல்லும் திட்டம் வெளிப்பட்டபோது அவரும் ஆயர் பவுல் கெர்ஹார்ட் பிரவுனேயும் அதனை எதிர்த்தனர், பிரவுனே சிறைப்பட்டார். ஆயினும், அவ்வாண்டு செப்டம்பரில் பெத்தேலிலிருந்து யூத நோயாளர் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். கொலையை எதிர்த்த அதே திருச்சபை, ஏழாண்டுகளுக்கு முன் அந்நோயாளரின் உடலின்மேல் அரசு கைவைத்தபோது இணங்கிப்போயிற்று. இரக்கம் இருந்தது, நோயாளரும் நமக்குச் சமமானவர் என்னும் உறுதி போதவில்லை.

இது பிறநாட்டாரின் தவறு என்று நாம் ஒதுங்கிவிடல் ஆகாது. நம் நாட்டு இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாக இருந்தது. 1999இல்தான் அது நீக்கப்பட்டது. சட்டத்தினின்று நீங்கிய அத்தடை நம் சபையாரின் உள்ளத்தினின்று நீங்கிற்றா? மகளின் நோயை மறைத்துக் கண்ணீர்விடும் தாய்மாரை நாம் ஒவ்வொரு சபையிலும் சந்திக்கிறோம். தகுந்த மருந்தினால் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வலிப்பின்றி வாழக்கூடும். அவ்வாறிருக்க, ‘விசுவாசமிருந்தால் மாத்திரையை நிறுத்து’ என்று ஓர் ஊழியர் சொல்வாராயின், அது உயிருக்கே கேடாய் முடியலாம்.

ஆராதனையில் ஒருவர் வலிப்பினால் விழுந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க வேண்டுவதில்லை. வாயில் எதையும் வைத்தலாகாது. அவரை ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்தி, தலைக்கடியில் மெத்தென்ற துணி வைத்து, உடனிருத்தலே போதும். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இதனைச் சபையாருக்குக் கற்பிப்பதும் ஆயர் பணியே.

குணமான மகனை ஆண்டவர் அவன் தகப்பனிடம் ஒப்புவித்தார் என்று லூக்கா குறிப்பிடுகிறார். நோயாளருக்கு இல்லம் கட்டுதல் நற்பணியே. அவர்களை வீட்டிலும் சபையிலும் மீண்டும் சேர்த்துக்கொள்ளும்போதே அப்பணி நிறைவுறும்.