வியாழனின் காந்தப்புல மாறுபாடு

வியாழன் கோளின் உள்ளே உருவாகும் காந்தப்புலம் ஆண்டுகள் செல்லச் செல்ல மெல்ல மாறிவருகிறது. பூமிக்கு அப்பால் ஒரு கோளில் இப்படியொரு மாற்றம் முதன்முதலில் உறுதியானது இங்கேதான்.

வியாழனுக்குக் காந்தப்புலம் உண்டு என்ற எண்ணத்துக்கு வித்திட்டவை, 1955இல் பர்க், பிராங்க்ளின் ஆகிய இருவரும் தற்செயலாகப் பிடித்த ரேடியோ இரைச்சல்கள். 1973 டிசம்பரில் பயனியர் 10 விண்கலம் அப்புலத்தை அருகில் சென்று அளந்தது. பயனியர் 11, வாயேஜர் 1, யுலிசஸ் ஆகியனவும் கடந்துபோகும் வழியில் அளந்தவைதாம். 2016 ஜூலையில் வந்து சேர்ந்த ஜூனோ மட்டுமே துருவங்களுக்கு மேலாகத் திரும்பத் திரும்பத் தாழப் பறந்து, கோள் முழுவதற்குமான வரைபடத்தைத் தந்தது. பழைய அளவீடுகளுக்கு உண்மையான மதிப்பு கிடைத்தது அதன் பிறகுதான்.

கிமி மூர் தலைமையிலான குழு அவற்றை ஜூனோவின் தரவுகளோடு ஒப்பிட்டு 2019இல் முடிவை வெளியிட்டது. நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் ஏற்பட்டிருந்த மாற்றம் சிறியது. கோளின் சுழற்சி வேகத்தைக் கணித்ததில் நேர்ந்த பிழை என்று அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை. மாற்றம் மிகுந்திருந்த இடம், நடுக்கோட்டுக்கு அருகே காந்தப்புலம் செறிந்திருக்கும் 'பெரும் நீலப் புள்ளி'. தொலைநோக்கியில் இதைத் தேடிப் பயனில்லை. நீலம் வரைபடத்தில் தீட்டிய நிறம் மட்டுமே.

இம்மாற்றத்துக்குக் காரணம், ஆழத்தில் வீசும் காற்று. மேகங்களின் மட்டத்தில் ஹைட்ரஜன் மின்சாரத்தைக் கடத்தாது. கீழே இறங்க இறங்க, அழுத்தம் கூடக் கூட, கடத்தத் தொடங்குகிறது. கடத்தும் பாய்மம் நகர்ந்தால் காந்தப்புலமும் அதனோடு இழுபடும். மேலே நொடிக்கு நூறு மீட்டர் அளவில் வீசும் கிழக்கு நோக்கிய காற்று, அந்த ஆழத்தில் நொடிக்குச் சில சென்டிமீட்டராகத் தேய்ந்துவிடுகிறது. ஆயினும் அதுவே போதும். புள்ளி நொடிக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நகர்கிறது. கோளை ஒருமுறை சுற்றிவர அதற்குச் சுமார் 350 ஆண்டுகள் ஆகும். இக்காற்று ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்குகிறது என்று ஜூனோவின் ஈர்ப்புவிசை அளவீடுகளும் தனியே காட்டியிருந்தன. தொடர்பில்லாத இரு வழிகள் ஒரே ஆழத்தைச் சுட்டுவதே இவ்விளக்கத்தின் பலம்.

நகர்வும் ஒரே சீராக இல்லை. ஜூனோ புள்ளியின் மேல் பலமுறை பறந்து எடுத்த அளவீடுகளைக் கொண்டு, ஆழத்து ஓட்டத்தின் வேகம் ஏறத்தாழ நான்காண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குவதாக 2024இல் வெளியான ஆய்வு கூறியது. உள்ளே பரவும் காந்த அலைகள் இதற்குக் காரணமாக இருக்கலாம்.

யுரேனஸ், நெப்டியூன் ஆகியவற்றின் காந்தப்புலம் இப்படி மாறுகிறதா என்று சொல்ல முடியாது. அவற்றை வாயேஜர் 2 தலா ஒருமுறை மட்டுமே (1986, 1989) கடந்து சென்றது. ஒப்பிட இரண்டாவது அளவீடு கிடையாது.