‘அவருக்குப் பின்’

நிரல் எழுதிப் பிழைக்கும் எனக்கு ஒற்றைச் சொற்களின் மேல் ஒரு பயம் உண்டு. ஒரு நிபந்தனையில் ‘பிறகு’ என்று எழுதுவதா, ‘இல்லாதபோது’ என்று எழுதுவதா என்பதில் மொத்த வேலையும் தலைகீழாகிவிடும். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் அப்படி ஒரு சொல் இருக்கிறது. 6-வது பிரிவு, குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் யார் என்று சொல்கிறது: தந்தை, அவருக்குப் பின் தாய்.

பின் என்றால்? அப்பா செத்த பிறகா? பொதுவாக அப்படித்தான் வாசிக்கப்பட்டது. அதே பிரிவு, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது தூக்கி வளர்ப்பது அம்மா, கையெழுத்து மட்டும் அப்பாவுடையது.

1984 டிசம்பரில் எழுத்தாளர் கீதா ஹரிஹரனும் அவர் கணவரும் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் 9 சதவீதப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார்கள். அம்மாவே காப்பாளராக இருக்கட்டும் என்று இருவருமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். வங்கி ஏற்கவில்லை. அப்பா கையெழுத்துப் போடணும், இல்லையென்றால் தாய்தான் காப்பாளர் என்று சான்றிதழ் கொண்டுவரணும் என்றது. ஒரே வீட்டில் இருந்து, மனசாரச் சம்மதிக்கும் அப்பா இருந்தும் இந்தக் கதி.

அந்த வழக்கோடு சேர்ந்து விசாரிக்கப்பட்ட இன்னொன்று வந்தனா சிவாவுடையது. அங்கே விவாகரத்து நடந்துகொண்டிருந்தது. தந்தை மகனின் கஸ்டடி கேட்டார், தாய் தனக்கும் மகனுக்கும் ஜீவனாம்சம் கேட்டார். மகன் தாயிடம்தான் இருந்தான். தந்தை பிள்ளைமேல் அக்கறையே காட்டுவதில்லை, ஆனால் நான்தான் காப்பாளர், என்னைக் கேட்காமல் எதுவும் முடிவு செய்யக் கூடாது என்று மட்டும் கடிதம் எழுதுகிறார் என்பது தாய்த் தரப்பின் வாதம்.

1999 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பிரிவை அவர்கள் ரத்து செய்யவில்லை, அந்தச் சொல்லை வேறு மாதிரி வாசித்தார்கள். ‘பின்’ என்றால் ‘இறந்த பின்’ அல்ல, ‘இல்லாதபோது’. இல்லாமை தற்காலிகமாகவும் இருக்கலாம். பிள்ளையை முற்றிலும் கண்டுகொள்ளாமல் விடுவதும், நோயாலோ வேறு காரணத்தாலோ பொறுப்பேற்க முடியாமல் போவதும்கூட இல்லாமைதான். இதற்கு முன்மாதிரியும் இருந்தது. தந்தை உயிரோடு இருந்தும் பல ஆண்டுகள் பிரிந்தே வாழ்ந்த ஒரு குடும்பத்தில், மகளின் சொத்தைப் பார்த்துக்கொண்ட தாயையே காப்பாளராக 1970-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றிருந்தது.

பணத்தின் கதை தனி. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவில் ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அது நீங்கியது 2001-ல்தான். விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது 2020-ல். கொடுக்காதவரை நிலுவையுள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம்.

காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. ஆனால் என் தோழி ஒருத்தி இன்றுவரை வழக்குப் போடவில்லை. கணவர் ஆறு மாசம் காணாமல் போவார், திடீரென்று ஒரு ராத்திரி வந்து கதவைத் தட்டுவார், மறுபடி காணாமல் போவார். ஜீவனாம்சம் கேளேன் என்றால் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்: “பணம் கேட்டா பையனக் கேப்பாருடா.” ஜீவனாம்சமும் கஸ்டடியும் சட்டத்தில் வேறுவேறு. அவளுக்கு இரண்டும் ஒரே பயம்.

1999 தீர்ப்பின் குறையும் இங்கேதான் தெரிகிறது. தாய் நேரடியாகக் காப்பாளர் ஆவதில்லை. தந்தை ‘இல்லை’ என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அடிக்கடி வந்து போகும் ஒருவரை இல்லை என்று எப்படி நிரூபிப்பது? தாய் தந்தை இருவரையும் சமமான காப்பாளர்களாக ஆக்கச் சொல்லிச் சட்ட ஆணையம் 2015-ல் தன் 257-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. 6-வது பிரிவில் ‘அவருக்குப் பின்’ இன்னும் அப்படியே இருக்கிறது.