தோலின் எடை

நம் உரைமரபில் ஒரு சௌகரியம் உண்டு. ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் இன்னொரு சொல் கிடைக்கும். தோல் என்றால் கிடுகு. கிடுகு என்றால் பரிசை. பரிசை என்றால் கேடகம். கேடகம் என்றால் மறுபடியும் பரிசை. சொல்லுக்குச் சொல் கைமாறிக்கொண்டே போகும் இந்த வரிசையில், அந்தப் பொருளை இடது கையில் தூக்கிக்கொண்டு ஒரு மனிதன் வெயிலில் நின்றான் என்பது மட்டும் எங்குமே வருவதில்லை. எவ்வளவு கனம்? அம்பு பட்டால் நிற்குமா? மழையில் நனைந்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகள் இலக்கியத்துக்கு வெளியே இருப்பவை என்று நம் பண்டிதர்கள் நினைத்தார்கள். நாமும் வேறு காரணம் சொல்லி அப்படியேதான் நினைக்கிறோம்.

நான் வேலை பார்க்கும் வங்கியில் நகைக்கடனுக்கு வருகிறவர், இது பாட்டி காலத்துச் சங்கிலி என்பார். மதிப்பீட்டாளர் தலையை ஆட்டிக்கொண்டே கல்லை எடுத்து உரசுவார். அந்தக் கல்லுக்கும் பரிமேலழகர் எழுதியதற்கும் தமிழில் உரை என்றே பெயர். இரண்டில் ஒன்றோடு நின்றுவிட்டோம்.

மேற்கே கிரேக்கக் கேடயத்தை உரசிப் பார்த்த கதை நமக்கு உதவும். சுமார் 90 செ.மீ. விட்டமுள்ள வட்டக் கேடயம் அது. பளபளக்கும் வெண்கலமாகவே அது பல தலைமுறைகளின் கண்ணில் பட்டது. ஏதென்ஸ் அகோராவில் 1936இல் எடுக்கப்பட்ட ஒரு கேடயம் கி.மு. 425இல் பைலோஸில் ஸ்பார்ட்டர்களிடமிருந்து பறித்தது என்று அதன் மேலேயே பொறித்திருக்கிறது. மிஞ்சியது வெண்கலத் தகடு மட்டும். உள்ளே இருந்தது மக்கிப்போயிற்று. இத்தாலியில் போமார்ட்ஸோவில் கிடைத்து வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் இன்னொன்றில் உள்ளுடல் பிழைத்திருந்தது. பி.எச். பிளைத் என்பவர் 1982இல் அதை விவரித்து எழுதினார். பாப்லார் மரப் பலகை, உட்புறம் மெல்லிய தோல், வெளியே அரை மில்லிமீட்டர் அளவு வெண்கலம். ஆக அடியைத் தாங்கியது மரம், வெண்கலம் பளபளத்தது. இதே பிளைத் 1977இல் ரெடிங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடு, பாரசீக அம்புகளின் முன் கிரேக்கக் கவசம் எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றியது. 2013இல் கிரகரி ஆல்ட்ரெட்டும் கூட்டாளிகளும் லினன் துணியை அடுக்கடுக்காக ஒட்டிக் கவசம் செய்து, அதன்மேல் அம்பு எய்து பார்த்த விவரங்களைப் புத்தகமாகவே போட்டார்கள். துணிக் கவசம் நன்றாகவே தாங்கியது.

எனக்கு இவர்களைவிட முக்கியமானவர் ஜான் கோல்ஸ். கேம்பிரிட்ஜ்காரர். 1962இல் ஐரோப்பிய வெண்கலக் காலக் கேடயங்களைப் பற்றி எழுதும்போது, அருங்காட்சியகங்களில் இருந்த மெல்லிய உலோகக் கேடயங்களைப் போல ஒன்றைச் செம்புத் தகட்டில் செய்தார். அயர்லாந்தின் கிளான்பிரின் சதுப்பில் 1908இல் கிடைத்த தோல் கேடயத்தைப் பார்த்து இன்னொன்றைத் தோலில் செய்தார். வெந்நீரில் இறுக்கி, மெழுகு ஏற்றிய தோல். பிறகு இரண்டையும் வெண்கல வாளால் வெட்டினார். செம்பு கிழிந்தது. தோலில் மேலோட்டமான கீறல்கள்தான். மன்னர்களின் பளபளப்பு சடங்குக்கு, சண்டைக்குத் தோல் என்ற முடிவு அப்போது வந்தது. செம்பு வேறு, அடித்து இறுக்கிய வெண்கலம் வேறு என்று பின்னால் வந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். பாரி மொல்லாய் போன்றவர்கள் தடித்த வெண்கலத்தில் செய்து பார்த்து, அதுவும் தாங்கும் என்று காட்டினார்கள். ஆட்சேபம் நியாயமானது. ஆனால் கவனிக்க வேண்டியது, ஆட்சேபிக்க அவர்களும் சுத்தியலை எடுக்கவேண்டி வந்தது என்பதை. உரைக்கு உரை மறுப்பு எழுதித் தீர்க்க முடியவில்லை.

இனி நம் விஷயம். கேடயத்துக்குச் சங்கப் பாட்டில் மிகச் சாதாரணமான பெயரே தோல்தான். தொல்காப்பியத்தில் உழிஞையின் துறை ஒன்றுக்குத் தோலின் பெருக்கம் என்று பெயர். செய்பொருளையே பெயராகக் கொண்ட ஆயுதம். ஆனால் நம் ஈரமண்ணில் தோல் நிற்காது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் தோண்டி எடுத்த இரும்பு வாட்களும் ஈட்டிகளும் எழும்பூருக்கு வந்து சேர்ந்தன. செங்கம் நடுகற்களில் வீரன் கையில் கேடயத்தின் உருவம் இருக்கிறது. கல் கனத்தைச் சொல்லாது. அப்படியானால் மிஞ்சிய சாட்சி பாட்டு ஒன்றுதான். பாட்டைச் சாட்சியாக விசாரித்தால் என்ன சொல்கிறது?

புறநானூறு 17இல் குறுங்கோழியூர் கிழார் தோல்களைப் பார்த்து மழைமேகமோ என்று மயங்கச் சொல்கிறார். கிரேக்கனின் கேடயம் மின்னும், இது கறுக்கும். உலோகப் பூச்சு இல்லை, அல்லது கண்ணில் படும் அளவுக்கு இல்லை. புறநானூறு 4இல் பரணர் இன்னும் ஒரு படி போகிறார். அங்கே தோல்கள் துவைக்கின்றன. அம்பு துளைத்த துளைகள் தெரிய, எய்து பழகும் இலக்குகளைப்போல் நிற்கின்றன. துவைத்தல் அந்தக் காலத்தில் சலவை அல்ல, ஒலித்தல். இதை நான் பல தடவை கவிநயம் என்று படித்துத் தாண்டியிருக்கிறேன். கோல்ஸைப் படித்த பிறகு அது வேறாகத் தெரிந்தது. பதனிட்டு மெத்தென்று ஆன தோல் அடித்தால் ஒலிக்காது. ஒலிக்க வேண்டுமானால் பச்சைத் தோலை இழுத்துக் கட்டிக் காயவைத்து இறுக்கியிருக்க வேண்டும், முரசுக்குச் செய்வதுபோல. இறுகிய தோலையும் அம்பு துளைத்தது, ஆனால் தோல் பிளந்து விழவில்லை. இலக்குப் பலகைபோல் துளையோடு நின்றது. ஒரு சோதனையின் முடிவு ஈராயிரம் வருஷமாகப் பாட்டுக்குள்ளேயே கிடக்கிறது.

மிருதங்கத்துக்குத் தோல் கட்டும் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “எருமைத் தோல் வாருக்குத்தான் சார், முகத்துக்கு ஆகாது. கனம். காஞ்சா பலகை மாதிரி ஆயிடும்” என்றார். மழைக்காலத்தில்? “மழையில எந்தத் தோலும் பேசாது சார்.” உரையாசிரியர்கள் யாரும் எனக்குச் சொல்லாத இரண்டு செய்திகள்.

இரண்டாவது செய்தி சின்னதல்ல. சங்கப் போருக்குக் கூதிர்ப்பாசறை என்று ஒரு துறையே உண்டு. ஐப்பசி அடைமழையில் வீடு திரும்பாமல் படை தங்கியிருக்கும் இடம். முல்லைப்பாட்டும் நெடுநல்வாடையும் அந்த ஈரத்தில்தான் நடக்கின்றன. அயர்லாந்துக் கேடயத்துக்கு கோல்ஸ் மெழுகு ஏற்றினார். இங்கே என்ன ஏற்றினார்கள்? எண்ணெயா, அரக்கா, மயிரைச் சிரைக்காமல் விட்டார்களா? மயிர் சீவாத தோலைப் போர்த்த முரசைப் பற்றிப் பாட்டுகள் பேசுகின்றன, அதுவும் சண்டையில் வென்ற காளையின் தோலாகப் பார்த்து. முரசின் தோலுக்கு இவ்வளவு கவனம் செலுத்தியவர்கள் உயிரைக் காக்கும் தோலுக்குச் செலுத்தாமலா இருந்திருப்பார்கள்.

அந்தக் கவனம் யாருடையது என்பதில்தான் நம் மௌனத்தின் காரணம் இருக்கிறது. புறநானூறு 82இல் சாத்தந்தையார் ஒரு தொழிலாளியைக் காட்டுகிறார். ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவம், பொழுது சாய்கிறது, மழை வேறு. அவன் வாரைக் கோத்துக் கட்டில் பின்னி முடிக்கவேண்டும். அவன் கை ஊசியைவிட வேகமாக நடந்தது அரசனின் மற்போர் என்கிறார். அவனுக்குப் பாட்டு வைத்திருக்கும் பெயர் இழிசினன். வேகத்துக்கு உவமையாக அவன் கை உள்ளே வரலாம், அவன் வெளியே. தோலைத் தொட்டவனிடம் அறிவு இருந்தது, ஏடு இல்லை. ஏடு வைத்திருந்தவன் தோலைத் தொடமாட்டான். எனவே தோல் என்றால் கிடுகு என்று எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போனான். மேடையில் புறநானூற்று வீரம் பேசுகிறவர்களும் அந்த வீரனின் கையைப் பார்க்கிறார்களே தவிர, கைப்பிடியைத் தைத்தவனைப் பார்ப்பதில்லை.

கிடுகு என்று தள்ளியதிலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். முல்லைப்பாட்டில் பாசறைக்குள் ஈட்டிகளை நட்டுக் கிடுகுகளை வரிசையாக நிறுத்தி வேலி எழுப்புகிறார்கள். பட்டினப்பாலையில் நடுகல்லைச் சுற்றியும் அதேபோல் கிடுகும் வேலும். இரண்டு இடத்திலும் கிடுகு நிரையாக நிற்கிறது, அடைக்கிறது, மறைக்கிறது. கைக்கு அடக்கமான வட்டக் கேடயத்தால் வேலி கட்டினால் சந்து சந்தாகத் தெரியும். கிடுகு உயரமான தட்டியாகத்தான் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முடைந்த தென்னோலைக்கு அங்கே பெயர் கிடுகு, வீட்டைச் சுற்றி நிற்பது கிடுகுவேலி. கே.கே. நகரில் மொட்டைமாடிக் கொட்டகைக்கு அதையே கீற்று என்கிறோம். பிரம்பையோ மூங்கிலையோ முடைந்து மேலே தோல் போர்த்திய தட்டி ஒன்று நடுவில் இருந்து, போர் போனபின் பெயர் மட்டும் ஓலைக்கு வந்ததா, அல்லது ஓலைத் தட்டியின் பெயர்தான் போருக்குப் போனதா? அகராதி இரண்டு பொருளையும் எண் போட்டு வரிசையாகக் கொடுத்துவிட்டு உறங்குகிறது. தோலும் கிடுகும் இரண்டு வேறு சாதனங்கள் என்றால், பாசறை, முற்றுகை, திறந்தவெளிப் போர் எல்லாவற்றையும் திரும்பப் படிக்கவேண்டி வரும்.

இதைச் செய்து பார்க்க ஒன்றும் கேம்பிரிட்ஜ் தேவையில்லை. தோல் வியாபாரம் பெரியமேட்டில் நடக்கிறது. பச்சைத் தோலை இறுக்கத் தெரிந்த கைகள் இசைக்கருவி செய்யும் வீடுகளில் இருக்கின்றன. அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948இலிருந்து இருக்கிறது. இழுத்தும் கிழித்தும் தோலின் பலத்தை அளப்பது அவர்கள் அன்றாடம். எருமைத் தோலில் வெறும் தோலாக ஒன்று, பிரம்புத் தட்டியின்மேல் போர்த்தி ஒன்று, இரண்டையும் ஐப்பசியில் மொட்டைமாடியில் பத்து நாள் போட்டு, முன்னும் பின்னும் நிறுத்து, பிறகு அம்பு எய்யவேண்டும். அம்புமுனைக்கு ஆதிச்சநல்லூர் மாதிரி இருக்கிறது. இடறப்போவது வில்லில். மூங்கிலா, சிலை என்று மரத்துக்கும் வில்லுக்கும் சேர்த்துச் சொன்னார்களே அந்த மரமா, நாணை எவ்வளவு இழுப்பது, எத்தனை அடி தூரத்தில் நிற்பது. பரணர் துளையைச் சொன்னார், தூரத்தைச் சொல்லவில்லை.