தண்ணி வடிஞ்சாச்சு, சுவர் வடியல

இன்னைக்கு ஒரு வெள்ளத்தோட கதை. தண்ணி வந்த நாளைப் பத்தி நிறைய பேர் பேசிட்டாங்க. நான் பேசப்போறது தண்ணி போன பிறகு வர்ற ஆறு வாரத்தைப் பத்தி. வீட்டைப் பொறுத்தவரை அசல் சேதம் அந்த ஆறு வாரத்துலதான் நடக்குது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. கடந்ததும் கலைஞ்சு போயிருக்கணும். போகல. மெதுவா நகர்ந்து, வலு குறைஞ்சு, விழுப்புரம் தாண்டி உள்மாவட்டங்களுக்குள்ள வந்தது. டிசம்பர் 2 காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. நிறுத்தி வெச்சிருந்த வேன்களைத் தண்ணி இழுத்துட்டுப் போன வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அதே நேரத்துல ஏற்காட்டில் சுமார் 24 சென்டிமீட்டர். மலைப்பாதையில் பல இடங்களில் மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னுபோச்சு.

சேர்வராயன் மலையில் பெய்யிற மழை அங்கேயே நிக்காது. ஒரு பக்கம் திருமணிமுத்தாறா இறங்கி, சேலம் நகரத்துக்கு நடுவுல ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேருது. இன்னொரு பக்கம் வாணியாறா தர்மபுரி மாவட்டத்துக்குள் போய், கடைசியில் தென்பெண்ணைக்குப் போகுது. மலை உச்சியில் இருக்கிற சேர்வராயன் கோயிலுக்குப் போனவங்களுக்குத் தெரியும், அது கட்டிய கோயில் இல்ல, ஒரு குகை. குனிஞ்சுதான் உள்ள போகணும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகுதுன்னு மலைமக்கள் நம்பிக்கை. குகை போகுதோ இல்லையோ, தண்ணி போகுது. 2024 டிசம்பரில் அது சேலத்துல ஆத்தோரத் தாழ்வான தெருக்கள்ல வீடுகளுக்குள்ள போச்சு.

சரி, வடிஞ்சது. வீட்டுக்காரங்க சேற்றை வாரிக் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மெத்தையை வெயிலில் காயப் போட்டாங்க. மூணாம் நாள் தரை காய்ஞ்சிடும். வீடு சரியாயிடுச்சுன்னு தோணும்.

ஆனா சுவர் என்ன செஞ்சிருக்குன்னா, குடிச்சிருக்கு. செங்கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது தண்ணியை மேலே இழுக்கும். வெள்ளம் முழங்கால் அளவு நின்னா, ஈரம் இடுப்பு அளவு ஏறும். இதுக்கு நம்ம ஊர்ல ரொம்பப் பழைய பேர் இருக்கு: ஓதம். அந்தத் தண்ணியோட உப்பும் ஏறும். தண்ணி சுவரோட மேற்பரப்புக்கு வந்து ஆவியாகும், உப்பு போகாது. அங்கேயே படிகமா வளரும். வளர இடம் வேணும் இல்லையா? பூச்சைத் தள்ளிட்டு வளரும். சுவர் பொரியுறது, உப்பு பூக்குறதுன்னு நாம சொல்றது இதைத்தான்.

எவ்வளவு நாள்ல காயும்? பழைய செங்கல் வீடுகளைப் பராமரிக்கிறவங்ககிட்ட இங்கிலாந்தில் ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஒரு அங்குல கனத்துக்கு ஒரு மாசம். அப்போ ஒன்பது அங்குலச் சுவருக்கு ஒன்பது மாசம். நம்ம வெயிலுக்கு அவ்வளவு ஆகாது, ஒத்துக்கிறேன். ஆனா மார்கழி ஏற்காட்டில் வெயில் எங்க இருக்கு? காலையில் பனிமூட்டம் விலகவே பத்து மணி ஆயிடும்.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் கடைசியில் ஓயும். அது ஓய்ஞ்ச கையோட நாம என்ன பண்றோம்? பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறோம்! பண்டிகைக்கு வீடு பளிச்சுனு இருக்கணும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். என்னைக் கேட்டா, அது தமிழ்நாட்டோட வருடாந்தர மழைச்சேதப் பராமரிப்பு வேலை. கிளிஞ்சலையோ கல்லையோ சுட்டு நீத்த சுண்ணாம்பு கடுமையான காரம். பூஞ்சை அதுல பிழைக்காது. அதைவிட முக்கியம், சுண்ணாம்புப் பூச்சு மூடி போடாது. அதுக்குப் பின்னாடி இருக்கிற ஈரம் அது வழியா வெளியே போய்க்கிட்டே இருக்கும். ஈரச் சுவர் மேலேயே அடிக்கலாம்.

பழைய சுவரும் அதே குணம்தான். கடுக்காய், வெல்லம் ஊற வெச்ச தண்ணியில் குழைச்ச சுண்ணாம்புக் காரை. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் 1820-களில் காபிச் செடியைக் கொண்டுவந்த பிறகு ஏற்காட்டில் எஸ்டேட்டுகள் வந்தன, கோடைக்கு மேலே ஏறின வெள்ளைக்காரங்களுக்கு பங்களாக்கள் வந்தன. அந்தக் காலத்துக் கொத்தனார் கையில் இருந்ததும் சுண்ணாம்புதான். போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கினதே 1824-ல். நம்ம பக்கம் அது மலிவாக் கிடைக்க நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. சேலம் மாவட்டம் சங்ககிரியில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்தது 1960-களில்.

சிமெண்டை நான் திட்டப் போறதில்ல. மண் சுவர் வெள்ளத்துல கரைஞ்சு ராத்திரியில் ஆள் மேல விழுந்த கதைகள் ஒவ்வொரு மழைக்கும் உண்டு. மண் வீடு அழகுன்னு இன்ஸ்டாகிராமில் போடறது சுலபம். மலையில் மூங்கில் தட்டி கட்டி மண் அப்பின வீடுகளை வருஷா வருஷம் பூசி மெழுகி நிக்க வெச்சது யாரு? பெண்கள். அந்த உழைப்புக்குக் கூலி கிடையாது, கணக்கும் கிடையாது. சிமெண்ட் வந்ததும் அவங்க அதை விரும்பினதுல ஆச்சரியமே இல்ல.

சிக்கல் எங்கன்னா, வீடு மாறிடுச்சு, பண்டிகை நாள்காட்டி மாறல. டிசம்பர் 2-ல இருந்து பொங்கலுக்கு 43 நாள். சேலத்துல எங்க சித்தி தெருவில் அந்த 43 நாளுக்குள்ள பாதி வீடுகள் சிமெண்ட் பூச்சு, புட்டி, எமல்ஷன்னு முடிச்சிட்டாங்க. பொங்கலுக்குத் தெருவே புதுசா இருந்தது. சித்திரையில் போனா, தரையிலிருந்து மூணடி உயரத்துக்கு எல்லா வீட்லயும் ஒரே கோடு. அதுக்குக் கீழே பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி, தொட்டா உதிருது. எமல்ஷன் ஒரு பிளாஸ்டிக் தோல். ஈரத்தை உள்ளே வெச்சு மூடிட்டா அது வேற வழி தேடும். ரெண்டாவது தடவை பூச கடன் வாங்கினவங்க இருக்காங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் சென்னையில் தரைத்தளத்துல குடியிருந்தவங்களுக்கு இது நல்லாவே ஞாபகம் இருக்கும்.

இந்தச் செலவு எந்த நிவாரணப் பட்டியலிலும் வராது. ஃபெஞ்சலுக்கு அப்புறம் அரசு அறிவிச்சதுல சேதமடைஞ்ச குடிசைக்கு 10,000 ரூபாய் இருந்தது. அது அவசியம்தான். ஆனா விழுந்த சுவரை அதிகாரி வந்து பார்த்து எழுதலாம். நிக்கிற சுவர் உள்ளுக்குள்ள நனைஞ்சிருக்குன்னு எழுத எந்தப் படிவத்துல இடம் இருக்கு?

அவசரப்படாம உலர்த்துறதுன்னா என்னன்னு பார்க்க இத்தாலிக்கு ஒரு எட்டு போயிட்டு வரலாம். 1966 நவம்பர் 4, ஃபிளாரன்ஸ் நகரத்துக்குள்ள ஆர்னோ ஆறு புகுந்தது. நூலகப் புத்தகங்களைப் புகையிலை உலர்த்துற கொட்டகைகளுக்குக் கொண்டுபோய் காய வெச்சாங்க. ஆனா மரப்பலகையில் வரைஞ்ச ஓவியங்களை அப்படிச் செய்யல. பலகை சீக்கிரம் காய்ஞ்சா சுருங்கும், மேலே இருக்கிற வண்ணம் உரிஞ்சு விழும். அதனால போபோலி தோட்டத்துல எலுமிச்சைச் செடிகளைக் குளிர்காலத்துக்கு வைக்கிற பெரிய கூடத்துல அடுக்கி, காத்தோட ஈரப்பதத்தை வேணும்னே அதிகமா வெச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாங்க. சிமாபுவேயோட சிலுவை ஓவியமும் அங்கதான் போச்சு.

நம்ம வீட்டுக்கு எலுமிச்சைக் கூடம் வேண்டாம். முதல்ல எலக்ட்ரீஷியன் பார்க்காம மெயினைப் போடாதீங்க. ஈரச் சுவருக்குள்ள ஒயர் ஓடுது. அப்புறம், தண்ணி நின்ன கோட்டுக்கு மேலே ஒரு அடி வரைக்கும் பூச்சைக் கொத்தி எடுத்துட்டு, செங்கல்லை அப்படியே விடுங்க. பார்க்க அசிங்கமா இருக்கும், விருந்தாளி கேட்பாங்க, இருக்கட்டும். பூக்குற உப்பைக் காய்ஞ்ச பிரஷ்ஷால் தட்டி வெளியே கொட்டுங்க. தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு திரும்ப உள்ளேதான் போகும். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து அரை அடி தள்ளிப் போடுங்க. மலைச்சரிவை வெட்டிக் கட்டின வீடுன்னா இன்னொரு வேலை இருக்கு. அங்க ஈரம் பின்சுவர் வழியா வரும், மழை நின்ன பிறகும் வந்துட்டே இருக்கும். பின்னாடி வடிகால் எடுக்காம உள்ளே என்ன பூசினாலும் வீண்.

காய்ஞ்சிடுச்சான்னு பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ரெண்டு நாள் விடுங்க. உள்பக்கம் துளி கோத்திருந்தா இன்னும் நேரம் ஆகலன்னு அர்த்தம். அதுவரைக்கும் பொங்கலுக்கு வெறும் சுண்ணாம்பு அடிங்க, கீழே காவிப்பட்டை வேணும்னா தீட்டிக்கலாம். பூச்சு, பெயிண்ட் பேச்சையெல்லாம் மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழா வர்ற நேரத்துக்குத் தள்ளி வைங்க. கொத்தனார் சிரிப்பார். "இதுக்கா அஞ்சு மாசம்?"னு கேட்பார். அந்தத் தாளை உரிச்சு அவர்கிட்ட காட்டுங்க.