சாவும் சான்றும்: இந்திய வாரிசுரிமை வரலாற்றில் கைம்பெண்ணும் கடனாளியும்

காளிதாசரின் சாகுந்தலத்து ஆறாம் அங்கத்தில் ஓர் அலுவற் காட்சி இடம்பெறுகிறது. காதற்சுவையில் தோய்ந்த திறனாய்வாளர் பலரும் அதனை விரைந்து கடந்துவிடுவர். கடல்வணிகன் தனமித்திரன் கலம் உடைந்து இறந்தான். அவனுக்கு மக்கட்பேறு இல்லை. ஆகவே அவன் செல்வம் அரசனைச் சேரும் என்று அமைச்சன் எழுதி அனுப்புகிறான். துஷ்யந்தன் உடனே ஒப்பவில்லை. வணிகனின் மனைவியருள் கருவுற்றவர் எவரேனும் உளரா என வினவச் செய்கிறான். சாகேத நகரத்து வணிகத் தலைவனின் மகளான ஒரு மனைவிக்கு அண்மையில்தான் கருவுற்றோர்க்குரிய சடங்கு நிகழ்ந்தது என விடை வருகிறது. கருவிலுள்ள குழந்தைக்கே தந்தையின் பொருள் உரியது என்பது அரசன் தீர்ப்பு.

மறைமலையடிகள் தமிழாக்கிய இந்நாடகத்தைப் பயில்வோர் இப்பகுதியை அரசனின் இரக்கத்திற்கும், மகப்பேறின்மையால் அவன் உற்ற துயருக்கும் சான்றாகக் கொள்வர். அது பொருந்துவதே. ஆயினும் அக்காட்சியில் மனைவி உயிரோடிருந்தும் செல்வத்திற்கு உரியவளாக எண்ணப்படவில்லை. அவளைக் குறித்து எழும் வினாவும் அவள் வயிற்றுக் கருவைப் பற்றியதே. ஒருவர் இறந்தபின் எஞ்சியோர் தம் உறவை மெய்ப்பித்தல் வேண்டும் என்ற நிலை இங்கேயே தொடங்கிவிடுகிறது. அந்த மெய்ப்பிப்பு யாருடைய நன்மைக்காகக் கேட்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

அறநூல்கள் அனைத்தும் நாடகத்தின் நிலையையே மேற்கொண்டன எனக் கருதுதல் பிழை. ஆண்மகவு இல்லாதவனின் வாரிசுகளை வரிசைப்படுத்தும் யாக்ஞவல்கிய ஸ்மிருதி, மனைவியையே முதலில் வைக்கிறது. அதற்கு உரைகண்ட விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம், கணவன் கூட்டுக்குடும்பத்தினின்றும் பாகம் பிரிந்தவனாக இருந்தால் மட்டுமே அவ்வுரிமை உண்டு என வரையறுத்தது. வங்கத்தில் வழங்கிய சீமூதவாகனரின் தாயபாகம் பிரியாத குடும்பத்துக் கைம்பெண்ணுக்கும் அதனை அளித்தது. இரு மரபுகளிலும் அவள் பெற்றது பெரும்பாலும் வாழ்நாள் அனுபவ உரிமையே. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டுக்குடும்பத்துக் கைம்பெண்ணுக்குக் கணவனின் பங்கை அளித்தபோதும் அந்த வரம்பைக் களையவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்து 14ஆம் பிரிவுதான் அவளை முழு உடைமையாளர் ஆக்கியது.

உரிமையின் வரலாறு இவ்வாறு மெல்ல விரிந்ததாயினும், உரிமையை மெய்ப்பித்தலின் வரலாறு வேறு வழியில் சென்றது. ஊரும் உறவும் அறிந்த செய்திக்குத் தாட்சான்று தேவைப்படவில்லை. தொலைவிலிருந்த வணிகரிடமும் வங்கியிடமும் இறந்தவருக்கு வரவேண்டிய பணம் இருந்தபோதே சிக்கல் எழுந்தது. யாரிடம் கொடுத்தால் மீண்டும் கொடுக்க நேராது என்பது கடன்பட்டவரின் அச்சம். 1841ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் இவ்வச்சத்திற்கு விடையாகவே பிறந்தது. இறந்தவரின் கடன்களைத் திரட்டுதலை எளிதாக்கல், அவருடைய சார்பாளரிடம் பணம் செலுத்துவோர்க்குப் பாதுகாப்பளித்தல் என இரு நோக்கங்களை அதன் தலைப்பே கூறுகிறது. 1860ஆம் ஆண்டின் 27ஆம் சட்டமும் அதே நோக்கங்களை மீண்டும் உரைத்தது. 1889ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சான்றிதழ்ச் சட்டம் இவற்றின் வழிவந்தது. அதன் விதிகள் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் பத்தாம் பகுதியாக அமைந்தன.

அப்பகுதியை ஊன்றிப் படிப்போர்க்கு ஒன்று புலனாகும். சான்றிதழ் பெற்றவரிடம் நல்லெண்ணத்தோடு பணம் செலுத்தியவர் முழுமையாகக் காக்கப்படுகிறார் என்கிறது 381ஆம் பிரிவு. பெற்றவர்தாம் உண்மை உரிமையாளரா என்பதை அச்சான்றிதழ் முடிவுசெய்வதில்லை. அதே வினாவை வேறொரு வழக்கில் மீண்டும் எழுப்புவதற்கு 387ஆம் பிரிவு இடமளிக்கிறது. 214ஆம் பிரிவோ, இத்தகைய ஆவணம் இன்றிக் கடனாளிமேல் நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கலாகாது எனத் தடுக்கிறது. மனு எழுதுவதும், கடன்தொகைக்கேற்ற கட்டணம் கட்டுவதும், அறிவிப்புக் காலம் முடியக் காத்திருப்பதும், நீதிமன்றம் கேட்டால் பிணையம் கொடுப்பதும் கணவனை இழந்தவளின் கடமை. பாதுகாப்பு அடைபவரோ கடன்பட்டவர். சட்ட நூல்கள் இதனை இயல்பானதாக எடுத்துக்கொண்டு மேலே செல்வது வியப்பளிக்கிறது.

உயில் எழுதியவர் குடும்பத்திற்கும் தடைகள் இருந்தன. கல்கத்தா, சென்னை, பம்பாய் மாநகரங்களைச் சார்ந்த இந்து உயில்களுக்கு நீதிமன்றத்தின் உயில் மெய்ப்பிதழ் கட்டாயம் என்ற விதி 1870ஆம் ஆண்டு இந்து உயில்கள் சட்டத்தோடு தொடங்கியது. அது 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 213ஆம் பிரிவில் நிலைத்து, 2025ஆம் ஆண்டின் இறுதியில்தான் நீக்கப்பட்டது.

இறப்புப் பதிவேடும் வாரிசுகளுக்காகத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடநாட்டுச் சிற்றூர்களில் சௌகிதார் எனப்பட்ட காவலர்கள் இறப்புகளைக் காவல்நிலையத்தில் தெரிவித்தனர்; கொள்ளைநோயின் போக்கை அறிதல் அரசின் நோக்கம். 1886ஆம் ஆண்டுச் சட்டம் விரும்பியோர் பதியலாம் என்ற அளவில் நின்றது. 1969ஆம் ஆண்டுச் சட்டமே நாடெங்கும் பதிவைக் கட்டாயமாக்கிற்று. 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை தேவை. இறப்பின் காரணம் பதிவேட்டில் எழுதப்பட்டாலும், வழங்கப்படும் சான்றில் அதனைக் காட்டலாகாது என்ற 17ஆம் பிரிவின் விதி, இத்துறையில் காணக்கிடைக்கும் அரிய கண்ணியங்களுள் ஒன்று.

உடல் கிட்டாதவரின் நிலை இன்னும் கடினமானது. ஏழாண்டுகள் செய்தியே இல்லாதவர் உயிரோடிருக்கிறார் என்று கூறுபவரே அதனை மெய்ப்பித்தல் வேண்டும் என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்து 108ஆம் பிரிவு விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்திலும் அது தொடர்கிறது. தனமித்திரனைப் போலக் கடலில் மறைந்தவரின் மனைவி அதுவரை சட்டப்படி கைம்பெண்ணும் அல்லள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2013ஆம் ஆண்டு உத்தராகண்ட வெள்ளத்திற்குப் பின்னும் காணாமற்போனோர்க்கு விசாரணையின் பேரில் முன்னதாகவே இறப்புச் சான்றிதழ் வழங்க அரசு தனிநெறி வகுத்தது. பேரிடராக அறிவிக்கப்படாத ஒரு நாளில் படகோடு மறைந்த தனி மீனவனின் குடும்பத்தை அந்நெறிகள் தொடவில்லை.

சுற்றுவழிகளைக் குறைக்க வந்ததே நியமனதாரர் முறை. ஆனால் 1984ஆம் ஆண்டில் ஓர் ஆயுள்காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியவாறு, நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே, உரிமை வாரிசுகளுடையது. அவ்வழக்கில் நியமனதாரரான மனைவிக்கு எதிராக இறந்தவரின் தாயும் மகனும் பங்கு கோரி வென்றனர். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பில் தாய் மனைவியோடும் மக்களோடும் சமநிலையில் நிற்பதும், தந்தை அவ்வகுப்பில் இல்லாததும் பல குடும்பங்கள் இழவுக்குப் பின்னரே அறியும் செய்திகள். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பீட்டில் மட்டும், நியமிக்கப்பட்ட வாழ்க்கைத்துணை, பெற்றோர், மக்கள் ஆகியோர்க்குப் பயனுரிமையையே அளித்தது. பங்குகளைப் பொறுத்தவரை 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு பழைய நிலையையே உறுதிசெய்தது. 2025 நவம்பர் முதல் நாளிலிருந்து வங்கி வைப்புகளுக்கு நால்வர்வரை நியமிக்க இயல்கிறது. நால்வரிடமும் உரிய பகுதியைக் கொடுத்தவுடன் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடும். நால்வருக்கும் ஏனைய வாரிசுகளுக்கும் இடையிலான கணக்கு அதன்பின்னரே தொடங்கும்.